காப்பு கட்டிய பின் கயானா

சொந்தக் காட்டில் அட்டை கடித்தால் சுண்ணாம்பைத் தடவிவிட்டுப் போகிற நான், அடுத்தவன் காட்டு அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை உறை வாங்கி வைத்தேன். இன்னும் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

கயானா என்று ஒரு நாடு இருப்பதே ஒரு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் மலையில் திண்ணனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில், வீட்டை ஒட்டி விருந்தினருக்காக நான் கட்டியிருக்கும் இரண்டு அறைகளில் ஒன்றில் வந்து தங்குவார். காட்டுக்குள் அவரைக் கூட்டிப்போவது நான்தான். ஒருநாள், "வர்றவங்களுக்கெல்லாம் நீங்க காடு காட்டறீங்க. உங்களுக்கு யாருங்க காட்டறது?" என்று கேட்டார். நாற்பத்தெட்டு வயதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

கயானாக் காட்டுக்கு இருவரும் சேர்ந்து போக ஒரு வருடம் திட்டம் போட்டோம். அடுப்படித் தரையில் வரைபடத்தை விரித்து, அது சுருளாமலிருக்க மிளகு டப்பாக்களை வைத்து உட்கார்ந்துகொள்வோம். எந்த மாதம் மழை குறையும், எந்த ஆற்றில் படகு போகும், காட்டுக்குள் எத்தனை நாள் தங்கலாம் என்று பேசிப் பேசியே பாதி ஊரைப் பார்த்துவிட்டோம். அங்கேயும் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடாம். "அதைத் திங்கறதுக்கா அத்தன தூரம்?" என்று சிரித்தேன். ஆனாலும் சென்னைக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊர் அம்மன் நோம்பிக்குக் காப்பு கட்டிவிட்டால், பதினைந்து நாள் முடியும்வரை ஊரில் இருப்பவர் வெளியே இரவு தங்கக் கூடாது. கட்டும்போதே வெளியூரில் இருப்பவருக்கு அந்தத் தடை இல்லை. பூசாரி என் அண்ணன். காப்பு அடுத்த செவ்வாய்தான் என்று அவரே சொல்லியிருந்தார். நான் கிளம்புவது அதற்கு முந்தின ஞாயிறு.

அந்த ஞாயிறுக்கு முந்தின செவ்வாய், சோளக்காடு ஊர்க் கடைவீதியில் பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன். இறங்கியதுமே கொட்டுச் சத்தம். ஊருக்குள் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, "காப்பு கட்டப் போறாங்களாம், வெரசா வாங்க!" என்றாள். ஊர் எல்லைக்கு வெளியேதான் நின்றிருந்தேன். அதே பஸ்ஸில் திரும்பி ஏறியிருந்தால் தீர்ந்தது. ஆனால் ஓடினேன். அந்தக் கொட்டைக் கேட்டால் ஓடித்தான் பழக்கம். மூச்சிரைக்கக் கோயில் முன்னால் நின்று, மஞ்சள் கயிற்றை அண்ணன் முடிச்சுப் போட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"யாரக் கேட்டுங்ண்ணா ஒரு வாரம் முந்திக் கட்டுனீங்க?"

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா கண்ணு. நானென்ன பண்ணட்டும்?"

என் டிக்கெட் தேதி ஆத்தாவுக்கு எப்படித் தெரிந்ததோ!

மூன்றாம் நாளே அண்ணனுடைய மருமகன் கேரளத்து எஸ்டேட்டுக்கு பஸ் ஏறினான். கேட்டேன். "அவன் பொழப்புக்குப் போறான். நீ காடு பாக்கப் போற. ரெண்டும் ஒண்ணா சாமி?" என்றார்.

மீறி வரக் கூடாதா என்று டீச்சர் போனில் கேட்டார். அந்தப் பதினைந்து நாளில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், ஒரு கன்றுக்குட்டி செத்தாலும் பழி என் தலையில் விழும் என்றேன். அது பாதி உண்மை. மீதி, எனக்கும் பயம். அண்ணன் மேல் எனக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை. அன்று ஓடிய என் கால்கள் மேல் அதைவிடக் கோபம்.

டீச்சர் தனியாகப் போய்ப் படங்கள் அனுப்பினார். டீ குடிக்க வந்த அண்ணன் என் போனை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, நம்ம காடாட்டமே இருக்குது. இதுக்கா அத்தன ஆட்டம் ஆடுன?"

அவர் சொன்னது சரிதான். அதே பாசி, அதே மூட்டம், அதே ஈரம். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அதை நானல்லவா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்க வேண்டும்.