நம்ம கத்தி

போன ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் பல்லேபொல பஸ்ஸைத் தவறவிட்டோம், நானும் மனைவியின் தம்பி செல்வராஜும். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம். பக்கத்தில்தான் அந்தப் பழைய வலவ்வ. ஒரு காலத்தில் சிங்களப் பிரபுவின் மாளிகை. இப்போது இராணுவ அதிகாரிகளின் கிளப். முன்பக்க அறைகள் மட்டும் மியூசியம். பொதுமக்கள் பார்க்கலாம் என்றது போர்டு.

பொதுமக்கள் என்றால் நாங்களுமா? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு வாரம் ஒரு விஷயம் வேண்டுமே...

கேட்டில் அடையாள அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அட்டையில்லாமல் வீடு போய்ச் சேர முடியாது. வழியில் இரண்டு செக்பொயிண்ட். எனவே நல்ல பிள்ளையாக இருப்பதென்று முடிவெடுத்தேன். ஒரு சிப்பாய் நாலடி தள்ளிப் பின்னாலேயே வந்தார். நான் வாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பீரங்கியை ரசிக்கலாமா? அதிகம் ரசித்தால் சந்தேகம், ரசிக்காவிட்டால் அவமரியாதை. நடுத்தரமாக ரசித்து வைத்தேன்.

கடைசி அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பயங்கரவாதிகளிடம் கைப்பற்றிய ஆயுதங்கள் என்று சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. துவக்குகளுக்கு நடுவே, துருப்பிடித்த வளைந்த கத்தி ஒன்று. செல்வராஜ் இருபது வருடமாகத் தோட்டத்தில் இதே மாதிரிக் கத்தியால் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், அதாவது செடியின் கிளைகளை நறுக்கி மட்டமாக்குகிறவன். சொந்தக்காரனைக் கண்டதுபோல் முகம் மலர்ந்துவிட்டது.

“மச்சான், இங்க பாருங்க... இது நம்ம கத்தி.”

சிப்பாய் மூன்று மாதம் தமிழ் வகுப்புக்குப் போனவராம். ‘நம்ம’ தெரியும். ‘கத்தி’யும் தெரியும். கவ்வாத்து மட்டும் பாடத்தில் வரவில்லை போலும்.

“ஒங்கட கத்தியா?”

“எங்களோடதுதாங்க” என்றான் செல்வராஜ், பெருமையாக.

நம்ம ஊர், நம்ம பஸ், நம்ம மழை... நாம் எதைத்தான் ‘நம்ம’ என்பதில்லை? சொத்தே இல்லாத சனத்துக்கு இந்த ஒரு சொல்தான் சொத்து. இதைச் சிங்களத்தில் விளக்கப் போன நான், பதற்றத்தில் “அபே பிஹிய” என்றேன். எங்கள் கத்தி! வாக்குமூலம் இரண்டு மொழியிலும் பதிவாகிவிட்டது.

அதிகாரி வந்தார், எங்கள் அட்டைகளோடு. தேயிலை வெட்டும் கத்தி இது என்று நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். நம்பவில்லை. கத்தியை வெளியே எடுக்கச் சொல்லி, முற்றத்துச் செவ்வரத்தை வேலியைக் காட்டினார். வெட்டிக் காட்டட்டும், பார்க்கலாம்.

செல்வராஜ் கத்தியை விரலால் தடவினான். இப்படித் துருவேற விட்டவனைத் தோட்டத்தில் வேலைக்கே சேர்க்கமாட்டார்கள் என்று முணுமுணுத்தான். நல்லவேளை, அது மூன்று மாதப் பாடத்துக்கு அப்பாற்பட்டது. பிறகு மாளிகைப் படிக்கல்லில் சாவகாசமாகத் தீட்டத் தொடங்கினான். ஒவ்வொரு தீட்டலுக்கும் சிப்பாயின் துவக்கு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஒரே இழுப்பு. கிளை சரிவாக, பட்டை கிழியாமல் விழுந்தது. இன்னொன்று... இன்னொன்று. அரை வேலி ஒரே மட்டத்துக்கு வந்த பிறகுதான் அதிகாரி போதும் என்றார். அட்டைகளை நீட்டினார்.

சிப்பாய் கத்தியைத் துடைத்து, அதே பெட்டியில், அதே துவக்குகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார்.

“போர்ட மாத்தச் சொல்லலியா மச்சான்?”

அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அட்டை கைக்கு வந்த பிறகு சரித்திரத்தைத் திருத்தும் பழக்கம் எனக்கில்லை.