கிளியம்மாள் சொன்ன "இல்லை"

அஸ்தினாபுரத்தில் ரவிக்கை தைக்கக் கொடுக்கிற பெண்கள் எல்லோருக்கும் தெரியும், கிளியம்மாளிடம் அளவு ரவிக்கை கொண்டுபோய்ப் பயனில்லை. "இது உன்னுதுதானா?" என்றுதான் முதலில் கேட்பாள். ஆமாம் என்றால், "எப்ப தைச்சது?" என்பாள். போன வருஷம் என்றால் போச்சு. "போன வருஷத்து உடம்பா இது?" என்று நாடாவை உருவிவிடுவாள். ஒரு தடவை அளந்து சிலேட்டில் எழுதுவாள். உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்து மறுபடி அளப்பாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் துணியில் கத்திரி வைப்பாள்.

அவளுக்குச் சந்தேகம் என்பது மூச்சு விடுகிற மாதிரி. பால்காரர் எதிரிலேயே பாலைத் தரையில் ஒரு சொட்டு விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். டிவியில் மழை வரும் என்று சொன்னால், அன்றைக்குத்தான் வீட்டுத் துணி முழுவதையும் துவைத்துக் காயப்போடுவாள். இரண்டு தடவை நனைந்தும் புத்தி வரவில்லை.

முழுகாமல் இருக்கிற பெண்களுக்கு மட்டும் அவள் தைக்கவே மாட்டாள். மூன்று மாதம் தாண்டும்வரை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், அது ஊர் வழக்கம். ஆனால் நாடா சொல்லிவிடும். "எத்தினி நாளாச்சிடி?" என்பாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்று எதிரில் நிற்பவள் நெளிவாள். "என் கையில நாடா கீது, உன் வாயி எனக்கு இன்னாத்துக்கு? பெத்துட்டு வா. இன்னிக்கி அளவு நாளைக்கி நிக்காது. வெட்டின துணிய நான் ஒட்டவெக்க முடியாது" என்று துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளையும் ஒரு குடும்பம் ஏமாற்றியது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தொண்ணூற்றாறில் மகன் ஜெயவேலுவுக்குக் கூடுவாஞ்சேரியில் பெண் பார்க்கப் போனார்கள். கிளியம்மாள் பெண்ணை நடக்கவிட்டுப் பார்த்தாள். சவுரியா என்று பின்னலை இழுத்துப் பார்த்தாள். கடைசியில், பையிலிருந்து ஊசியை எடுத்து நூல் கோக்கச் சொன்னாள். பெண் வேதவல்லி ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தாள். கண் பழுதில்லை என்று கிளியம்மாள் தாம்பூலம் மாற்றிவிட்டாள். கிட்டத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்து, தூரத்தில் மட்டும் ஒன்றும் தெரியாத கண்ணும் உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் தாம்பரம் ஸ்டேஷனில், "வர்றது பீச் வண்டியா பாரும்மா" என்று கேட்டாள். மருமகள் தயங்கித் தயங்கிக் கைப்பையைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டினாள். கண்ணாடி அவ்வளவு தடிமன். கிளியம்மாளுக்கு வந்த ரயில் கண்ணிலேயே படவில்லை.

"மறைச்சித்தானே கட்டி வெச்சாங்க" என்பது அன்றிலிருந்து அந்த வீட்டில் தினசரிப் பேச்சு. சோறு குழைந்தாலும் அதுதான், கோலம் கோணினாலும் அதுதான். அப்போதெல்லாம் வேதவல்லி தன் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்வாள்.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் ஜெயவேலு கம்பெனியிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தான். லேசர் வைத்துப் பத்து நிமிஷத்தில் கண்ணைச் சரிசெய்கிறார்களாம், கண்ணாடியே வேண்டாமாம். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். இரண்டு கண்ணிலும் நம்பர் ஆறு. லேசர் செய்யலாம், ஆனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை அளந்து, நம்பர் அப்படியே இருந்தால்தான் மெஷினுக்கு அனுப்புவோம் என்றார் டாக்டர். மெஷின் சிட்டியில் இருந்தது.

"ஒரு தடவ ஒழுங்கா அளக்கத் தெரியாதவன் டாக்டரா?" என்றாள் கிளியம்மாள். ரவிக்கைக்கே இரண்டு தடவை அளக்கிறவள் இதைச் சொன்னாள்! "வெளிச்சத்த வெச்சி வெட்டுவானாம். வெளிச்சத்துக்கு ஏதுடா முனை? எல்லாம் ஏமாத்து" என்று அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

ஆனால் மார்ச்சில் நிலைமை மாறியது. வேதவல்லிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. கிளியம்மாளுக்குச் சந்தோஷம் தாளவில்லை. உடனே வீட்டில் சட்டம் போட்டாள்: மூன்று மாதம் தாண்டும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. ஊர்க் கண் பொல்லாதது.

அந்தச் சந்தோஷத்தின் கூடவே பயமும் வந்தது. நாலாம் மாதத்தில்தான் குழந்தைக்குக் கண் வைக்கும் என்று பக்கத்து வீட்டு எல்லம்மா எப்போதோ சொல்லியிருந்தாள். தாய்க்கு ஆறாம் நம்பர் கண் என்றால் பிள்ளைக்கும் அதே கண்தானே வரும்? பெண் பிள்ளையாகப் பிறந்துவிட்டால்? நாளைக்கு அதையும் ஒருத்தி பார்க்க வந்து ஊசி கோக்கச் சொல்வாளே! அதற்குள் தாய் கண்ணைச் சரிசெய்துவிட்டால், பிள்ளை நல்ல கண்ணை வாங்கிக்கொள்ளும். இப்படிக் கணக்குப் போட்டவளுக்கு, நேற்றுவரை ஏமாற்று வேலையாக இருந்த லேசர் இன்றைக்கு அவசரமாகிவிட்டது.

"டாக்டராண்ட சொல்லணுமாம்மா?" என்று ஜெயவேலு கேட்டுப் பார்த்தான்.

"கண்ணு டாக்டருக்கு வயித்துல இன்னாடா வேல?"

ஏப்ரலில் ஒரு நாள் மகன் வேலைக்குப் போனபிறகு, மருமகளைக் கூட்டிக்கொண்டு கிளியம்மாளே கிளம்பினாள். மறுநாளே லேசருக்குத் தேதி குறித்திருந்தது. மூன்று மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது.

நம்பர் பார்க்கிற அறையில் அமலராணி என்கிற பெண் இருந்தாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் ஒரு ஃபாரம். பேர், வயது, சர்க்கரை உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், "பிரெக்னன்ட்டா இருக்கீங்களா?" என்றாள்.

வேதவல்லி வாயைத் திறப்பதற்குள், "இல்ல" என்றாள் கிளியம்மாள்.

அமலராணி ஃபாரத்தில் எழுதிவிட்டு, வேதவல்லியின் கண்ணுக்கு முன்னால் வட்டக் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். எழுதினதைப் பார்த்தாள். பழைய சீட்டைப் பார்த்தாள். எழுந்து வெளியே போனாள். போய்விட்டு வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கிளியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சில்லை எடுக்கிறாள், எதை ஒளிக்கிறாள்?

"ஜனவரியில ஆறு இருந்துச்சு. இப்ப ரெண்டு கண்ணுலயும் ஆறே முக்கால் வருது" என்றாள் அமலராணி.

"அதெப்பிடி ஏறும்? ஏத்தி எய்தினா இன்னா லாபம் உனுக்கு?"

"எனக்கு ஒரு லாபமும் இல்லம்மா. அதனாலதான் ரெண்டு வாட்டி பார்த்தேன்." அவள் நாற்காலியை வேதவல்லி பக்கம் நகர்த்திக்கொண்டாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாள் ஏதாவது தள்ளிப்போயிருக்கா?"

"இல்லன்னு சொன்னேனே!" கிளியம்மாளின் குரல் வெளியே பெஞ்சுவரை கேட்டது. "கண்ணப் பாக்க வந்தா வயித்தையே நோண்டிக்கினு கீற."

அமலராணிக்கும் கோபம் வந்தது. ஆனால் நிதானமாகவே சொன்னாள். "மாசமா இருக்கும்போது உடம்புல நீர் கோக்கும்மா. கண்ணும் உடம்புதானே, கருவிழி கொஞ்சம் உப்பும், நம்பர் மாறும். பிள்ளை பெத்து, தாய்ப்பால் நிறுத்தி, சில மாசத்துல பழையபடி ஆயிடும். இன்னிக்கு அளவு நாளைக்கு நிக்காது. இந்த அளவை வெச்சு லேசர் பண்ணிட்டா, செதுக்கினது செதுக்கினதுதான், திருப்பி ஒட்டவைக்க முடியாது. போடற மருந்தும் பிள்ளைக்கு ஆகாது. அதுக்குத்தான் கேக்கறேன்."

கிளியம்மாளுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இது அவள் பேச்சு. முப்பது வருஷமாக, எதிரில் நெளிகிற பெண்களிடம் அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு. இன்றைக்கு நாடா இன்னொருத்தி கையில் இருக்கிறது, நெளிகிறவள் இவள்.

அப்போதும் அவளால் சட்டென்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. "தாயி கண்ண சரிபண்ணிட்டா வயித்துல கீற புள்ளைக்கி..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"லேசர் அம்மா கண்ணை மட்டும்தான் மாத்தும். பிள்ளைக்கு வர வேண்டியது வரும், வராதது வராது" என்றாள் அமலராணி.

வேதவல்லிதான் பேசினாள். கண்ணாடி இல்லாமல், எதிரில் இருப்பது யார் என்றே சரியாகத் தெரியாத கண்ணோடு, மாமியார் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு எங்கம்மா மறைச்சாங்க. ரெண்டு வருஷமா அந்தப் பேச்ச கேட்டுக்கினு கீறேன். இன்னிக்கி நீங்க மறைக்கச் சொல்றீங்க அத்தே. எனக்கு இந்த லேசர் மேல ஆசையே இல்ல. கண்ணாடி போனா அந்தப் பேச்சும் போயிடும்னுதான் வந்தேன்."

கிளியம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஒரு பொய்யைக் கண்டுபிடித்தேன் என்று இரண்டு வருஷம் ஆடினோமே, இப்போது சொன்ன பொய்யில் இந்தப் பெண்ணின் இரண்டு கண்ணும் போக இருந்ததே என்று நினைத்தாள். ஸ்டூலிலிருந்து எழுந்து, மேசைமேல் இருந்த அந்தத் தடிமனான கண்ணாடியை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்தாள். தானே மருமகளுக்கு மாட்டிவிட்டாள்.

"கீது சிஸ்டர். எட்டு நாள் போனா மூணு மாசம்" என்றாள்.

அமலராணி ஃபாரத்தில் எழுதினதை அடித்துவிட்டு வாழ்த்துச் சொன்னாள். லேசர் தேதி அன்றே ரத்தானது.

அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. "மறைச்சி கட்டி வெச்சாங்க" என்ற பேச்சு அதற்கு முன்பே அந்த வீட்டை விட்டுப் போயிருந்தது. கிளியம்மாளின் சந்தேகம் மட்டும் போகவில்லை. தினமும் பேத்தியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், தூரத்துக் கம்பியில் இருக்கிற காக்காயைக் காட்டி, குழந்தை பார்க்கிறதா இல்லையா என்று பரீட்சை வைப்பாள்.

பால் மறந்து மூன்று மாதம் கழித்து, தொண்ணூற்றொன்பது கடைசியில் மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இந்தத் தடவை போகலாம் என்று சொன்னது வேதவல்லி. குழந்தை கண்ணாடியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறது, அதற்காகவாவது செய்துகொள்கிறேன் என்றாள். அமலராணி அளந்தாள். நம்பர் ஆறு, சொன்னபடியே திரும்பி வந்திருந்தது. அவள் புது ஃபாரத்தை எடுத்து, பேர், வயது, சர்க்கரை எல்லாம் எழுதிக்கொண்டே வந்து நிமிர்ந்தாள்.

"பிரெக்னன்ட்டா இருக்கீங்களா?"

"இல்ல" என்றாள் வேதவல்லி.

கிளியம்மாள் பேத்தியை இடுப்பில் மாற்றிக்கொண்டு குறுக்கே வந்தாள்.

"எங்க ரெண்டு பேர் வாயையும் நம்பாத சிஸ்டர். டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு எய்து."