கறுப்பு வண்டியில் பச்சைப் பெயிண்ட்

திருப்பாச்சூர் கங்கம்மா பெற்றது நாலு பிள்ளைகள். மூத்தவன் ரயில்வேயில் கேங்மேன். கடைசி இரண்டும் பெண்கள். ஒருத்தியைப் பொன்னேரியில் கொடுத்தது, இன்னொருத்தியை ஊத்துக்கோட்டையில். நடுவில் பிறந்தவன்தான் தேசப்பன். யாரையும் நம்பாத குணம் அவனுக்குப் பிறவியில் வந்ததில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு மில்காரரிடம் டிரைவராக இருந்த காலத்தில், வண்டியின் ஸ்டெப்னி டயரை யாரோ கழற்றிக்கொண்டு, தேய்ந்துபோன டயரை அதன் இடத்தில் வைத்துவிட்டார்கள். பழி தேசப்பன் தலையில் விழுந்தது, வேலையும் போனது. அன்றிலிருந்து எந்தக் கடையில் டீ குடித்தாலும் வண்டி கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவான். வீட்டில் பெண்டாட்டி சம்பூர்ணம் குழம்பு ஊற்றினால்கூட, இன்றைக்கு வைத்ததுதானா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பான்.

பிறகு எப்படியோ ஒரு பழைய கறுப்பு அம்பாசிடரைச் சொந்தமாக வாங்கி, திருவள்ளூர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டான். அமாவாசைக்கு வீரராகவர் கோயிலுக்கு வருகிற கூட்டம், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வண்டி நன்றாகவே ஓடியது. மகள் செண்பகமும் வளர்ந்து நின்றாள். சம்பூர்ணத்தின் அண்ணன் மணவாளனுக்குக் காக்களூர் ரோட்டில் ஒரு ஷெட் இருந்தது. நசுங்கின வண்டிகளைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அவன் மகன் கோபாலுக்கே செண்பகத்தைக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்து, தீபாவளி கழிந்ததும் நிச்சயம் என்று நாளும் பார்த்தாகிவிட்டது. பெண்ணுக்கும் இஷ்டம்தான். கோபால் பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் "காக்களூராரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்ததிலேயே அது வீட்டுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

மதுவிலக்கு மறுபடி வந்த வருஷம் அது. ஆயுத பூஜை நெருங்குகிற சமயம், மணவாள நகரில் ஒரு மாட்டு வண்டியின் நுகத்தடி இடித்து அம்பாசிடரின் முன் மட்கார்டு நசுங்கிவிட்டது. தேசப்பன் வண்டியை மச்சான் ஷெட்டுக்கே கொண்டுபோனான்.

"சாவிய உட்டுட்டுப் போ மாப்ள. நகத்தி நிறுத்த வேண்டி வரும்" என்றான் மணவாளன்.

"நசுங்கினது மட்கார்டுதான மச்சான். அது வெளியதான கீது. சாவி இன்னாத்துக்கு?"

சொன்னதோடு விடவில்லை. வண்டியைக் கியரில் போட்டு, கைப் பிரேக்கை இழுத்து, கதவுகளைப் பூட்டினான். யாராவது ஒயரைச் சேர்த்து ஸ்டார்ட் செய்துவிட்டால் என்ன பண்ணுவது என்று, ரோட்டர் என்கிற சின்ன சாமானையும் இன்ஜினிலிருந்து உருவி மடியில் வைத்துக்கொண்டான். அது இல்லாமல் எந்தக் கொம்பனாலும் வண்டியைக் கிளப்ப முடியாது. அப்புறம் பஸ் ஏறி, பொன்னேரித் தங்கச்சியைப் பார்த்துவரப் போய்விட்டான்.

பூஜையன்று காலையில் வந்தபோது ஷெட்டில் மணவாளன் இல்லை, பூசணிக்காய் வாங்கப் போயிருந்தான். அங்கே வேலை செய்யும் யேசுதாஸ்தான் கதவைத் திறந்தான். முதலாளி வந்துவிடட்டும், உங்களிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்றார் என்று அவன் இழுத்தான். தேசப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டெப்னி பழைய ஸ்டெப்னிதானா, ஜாக்கி இருக்கிறதா, பேட்டரி மாறவில்லையே என்று குனிந்து குனிந்து பார்த்தவன் ஷெட்டில் வேறு எதையும் கவனிக்கவில்லை. மட்கார்டு புதுசு போல் இருந்தது. ரோட்டரைப் போட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டில் சம்பூர்ணம் வண்டிக்குப் பொட்டு வைக்க ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்தவள் கையை எடுத்துப் பார்த்தாள். மறுபடி தடவினாள்.

"இன்னாய்யா இது, நொய்யரிசி ஒட்டினா மாதிரி சொரசொரன்னு கீது?"

தேசப்பன் தடவிப் பார்த்தான். கூரை, டிக்கி, பின் கண்ணாடி எங்கும் சொரசொரப்பு. வெயிலில் சாய்ந்து பார்த்தபோது தெரிந்தது, பச்சைப் பெயிண்ட். தூள் சிந்தினது போல் வண்டி முழுக்கப் பொடிப் பொடியாகப் பச்சை. அவன் வண்டிக்கு அடித்தது கறுப்பு. பச்சை எங்கிருந்து வந்தது?

யாரிடமும் கேட்காமல், பெயிண்டைக் கரைக்கிற தின்னர் வாங்கிவந்து பின் கதவில் தேய்த்தான். பச்சையோடு கறுப்பும் சேர்ந்து துணியில் வந்தது. கடைக்காரன் கலப்படம் பண்ணிக் கொடுத்திருக்கிறான் என்று அவன்மேல் ஒரு சந்தேகம் வந்து, அதோடு நின்றது.

பெரிய சந்தேகம் ஸ்டாண்டில்தான் முளைத்தது. கூட வண்டி ஓட்டுகிற நாகமுத்து பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். ஆந்திரா பக்கமிருந்து சாராயம் கடத்துகிற கார் ஒன்றைப் போலீஸ் தேடுகிறதாம். ஒரு நாள் வெள்ளையாம், இன்னொரு நாள் பச்சையாம், ஏதோ ஒரு ஷெட்டில்தான் கலர் மாற்றிக் கொடுக்கிறார்களாம். தேசப்பனுக்குக் கையிலிருந்த டீ ஆறிப்போனது. ஷெட்டுக்கு எதிரில் டீக்கடை போட்டிருந்த செல்லியம்மாளைப் போய் விசாரித்தான். பூஜைக்கு முந்தின நாள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பெயிண்ட் அடித்தார்கள், உள்ளே என்ன வண்டி நின்றது என்று தான் பார்க்கவில்லை என்றாள் அவள். கதவைச் சாத்தினார்கள் என்பது ஒன்றே அவனுக்குப் போதும். பூஜையன்று தான் வந்த நேரம் பார்த்து மணவாளன் இல்லாமல் போனதும், யேசுதாஸ் வார்த்தையை இழுத்ததும் இப்போது வேறு மாதிரி தெரிந்தன.

அன்று சாப்பிட உட்கார்ந்தவன், நிச்சயம் வேண்டாம் என்று உங்கள் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பு என்றான். சம்பூர்ணம் காரணம் கேட்டாள். சொன்னான். அவள் கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள்.

"எங்கண்ணன் சாராயக்காரனுக்குப் பெயிண்ட் அடிக்கிறவனா? வூட்டுக் கொழம்பையே சந்தேகப்படுற ஆளு நீ. உன் பேச்சக் கேட்டு நான் சொல்லி அனுப்புவேனா?"

செண்பகம் உள்ளேயிருந்து வந்தாள். அப்பாவிடம் அதிகம் பேசாத பெண்.

"நைனா, மாமாவ நேராப் போயி கேளு. கேட்டுட்டு அப்புறம் வேணாம்னு சொல்லு. கேக்காம சொல்லாத."

மறுநாள் தேசப்பன் வண்டியிலேயே போனான். ஷெட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது பச்சைதான். ட்ரில்லிங் மிஷின் பச்சை, பட்டறை மேஜை பச்சை, காற்றடிக்கிற கம்ப்ரசர் பச்சை. எல்லாவற்றின் மேலும் பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. கம்ப்ரசரில் விரலை வைத்துப் பார்த்தான். அதே பச்சை. இது என் வண்டிமேல் எப்படி வந்தது என்று கேட்டான்.

மணவாளன் வேலையை நிறுத்தவில்லை. வருஷா வருஷம் பூஜைக்கு முந்தின நாள் மிஷின்களுக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடிப்பது ஷெட்டுக்காரர்களின் வழக்கம் என்றும், உள்ளே நிற்கிற வண்டிகளை வெளியே தள்ளிவிட்டுத்தான் அடிப்போம் என்றும் சொன்னான். ரோட்டுப் புழுதி வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டாமலிருக்கத்தான் கதவைச் சாத்துவது.

"எல்லா வண்டியும் வெளிய போச்சு. உன் வண்டிய மட்டும் அசைக்க முடியல. கியரு, கைப் பிரேக்கு, பூட்டு. சாவிக்குக் கோபாலு உன் ஊட்டுக்கு வந்தான். நீ பொன்னேரிக்குப் போயிட்ட. தார்ப்பாய் போட்டு மூடிதான் அடிச்சோம். காத்துல பறக்கற பெயிண்டு எந்தச் சந்துலயும் பூந்துரும் மாப்ள."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று தேசப்பன் கேட்டான்.

"ரப்பிங் காம்பவுண்டுன்னு ஒரு பசை கீது, அத போட்டுத் தேச்சா போயிடும். பூஜ முடிஞ்சதும் தேச்சுட்டு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீதான் திருட்டு வண்டி மாதிரி ஓட்டிக்கினு போயிட்ட."

வண்டியைப் பூட்டிவிட்டுப் போனது தான்தான் என்பது தேசப்பனுக்கு உள்ளே குத்தியது. ஆனாலும் மனசு ஒரு பக்கம், சாராயக் காருக்குப் பச்சை அடித்து அனுப்பிவிட்டு மிச்சப் பெயிண்டை மிஷினுக்கு அடித்திருக்கலாமே என்றது. அந்த எண்ணம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மணவாளன் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தான்.

"என் தங்கச்சி எல்லாத்தயும் சொல்லி அனுப்பிச்சா. சாராயக்காரன்னு சொன்னியாமே. சரி. வண்டிய இங்க உடு. தேச்சுத் தரேன். சாவியோட உடணும், அந்த ரோட்டரயும் புடுங்கக் கூடாது. அதுக்கு மனசு வரலன்னா வண்டிய எடுத்துக்கினு போ. நாங்க நிச்சயத்துக்குத் தட்டு தூக்கிக்கினு வரமாட்டோம். சாவிய நம்பிக் குடுக்காதவன் பொண்ண எப்படிக் குடுப்பான்?"

யேசுதாஸ் தலையைத் தூக்காமல் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். கோபால் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தேசப்பன் வெளியே வந்து வண்டியைச் சுற்றி நடந்தான். ஸ்டெப்னியைப் பார்க்கலாமா என்று டிக்கியில் கை வைத்தான். சொரசொரப்பு உள்ளங்கையில் பட்டது. பிறகு டிக்கியைத் திறக்காமலே உள்ளே போய், சாவியைச் சந்தனம் காய்ந்த மேஜைமேல் வைத்தான்.

"டயரெல்லாம் புதுசு" என்றான்.

"தெரியும் போ" என்றான் மணவாளன்.

திருவள்ளூருக்கு நடந்தே வந்தான். வழியில் நாலு தடவை நின்று திரும்பிப் பார்த்தான். வீட்டு வாசலில் வண்டிச் சத்தம் கேட்காமல் ஆள் மட்டும் வந்து நிற்பதைப் பார்த்துச் சம்பூர்ணம் வெளியே வந்தாள்.

"வண்டி எங்க?"

"உங்கண்ணன் ஷெட்டுல."

"சாவி?"

"அதுவும் அங்கதான்."

அவள் உள்ளே திரும்பி, பக்கத்துத் தெரு தாயாரம்மாளிடம் போய் நிச்சயத்துக்கு மாவு இடிக்க எப்போது வருகிறாள் என்று கேட்டுவரச் செண்பகத்தை அனுப்பினாள். செண்பகம் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் போனாள்.