தார்ப்பாய்க்குள் ஒரு சர்வர்

உப்பளத்து எடைமேடை அலுவலகத்தில் இருக்கும் சர்வரை நான் வீட்டிலிருந்தே எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் காலை அது என்னை உள்ளே விடவில்லை. ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்றே திரும்பத் திரும்ப வந்தது. யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் முந்தின நாள் கை வைத்தது நான்தான். என்னையே திட்டிக்கொண்டு, குறித்து வைத்திருந்த மாற்றங்களை வரிவரியாகச் சரிபார்த்தேன். தப்பு எதுவும் இல்லை. எடைமேடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“அண்ணாச்சி, சர்வர்ல பச்சை லைட்டு எரியுதா?”

“வெளிய தெரியல தம்பி. ஆனா பத்திரமா இருக்கு.”

பத்திரமாம்! எரிச்சலோடு பைக்கை எடுத்தேன். போய்ப் பார்த்தால், சர்வரை நீலத் தார்ப்பாயால் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். உள்ளே சூடேறி அது தானாகவே அணைந்திருந்தது.

“விடியக்காலம் மேகம் கறுத்துட்டுல்லா. உப்பு அம்பாரத்தையெல்லாம் மூடுனோம், கையோட இதையும் மூடிட்டேன். கூரை ஒழுகுமே” என்றார்.

மழை ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லை. தார்ப்பாயை அவிழ்த்து, பெட்டி ஆறும்வரை இருவரும் டீ குடித்தோம்.

இப்போதெல்லாம் இணைப்பு அறுந்தால் முதலில் மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்க்கிறேன். மேகம் கறுத்திருந்தால் போனில் ஒரே கேள்விதான்.

“அண்ணாச்சி, கட்டிட்டியளா?”