புளி போட்டுத் தேய்த்த ரிவால்வர்

லேக் கார்டன்ஸ் வெங்கடநாராயணனுக்கு ஊரில் நல்ல பெயர்தான். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், யார் வம்புக்கும் போகாதவர். கூடப் பிறந்த தம்பியிடம் மட்டும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம், அப்பா விட்டுப்போன ஒரு ரிவால்வர்.

ஜாதவ்பூரில் இருக்கும் தம்பி சிவராம்தான் அப்பாவோடு கிளப்புக்குப் போய்ச் சுடப் பழகியவன். அப்பா காலமானதும் அவன் அதைக் கேட்டான். "நீ சுட்டுச் சுட்டுத் தேச்சுடுவே. எங்கிட்டன்னா பூஜையில இருக்கும்" என்று சொல்லி, மூத்தவர் லைசென்ஸைத் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டார்.

சொன்னபடி பூஜையில்தான் வைத்திருந்தார், அதில் குறை சொல்ல முடியாது. வருஷா வருஷம் தெருவெல்லாம் துர்கா பூஜைக் கொட்டு முழங்க, இவர் வீட்டில் ஆயுத பூஜை. குத்துவிளக்கோடு ரிவால்வருக்கும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பு நடக்கும். ஈரம் போக, குண்டு போடும் உருளையைச் சுழற்றுவார், பின்னால் குண்டை அடிக்கும் சுத்தியலை இழுத்து இழுத்து விடுவார். பிறகு சந்தனம், குங்குமம். "எண்ணெய் போட வேண்டாமா?" என்று மனைவி விஜயலக்ஷ்மி கேட்டால், "பூஜைச் சாமான்ல எண்ணெய்ப் பிசுக்கா?" என்று அடக்கிவிடுவார்.

இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகு தம்பி நினைப்பு அவரைப் பிடித்து ஆட்டியது. ரிவால்வரை அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து சொல்லியனுப்பினார். கைமாற்றுவதற்கு முன் சரிபார்க்க ஏற்பாடு செய்திருந்த துப்பாக்கிக் கடைக்கு சிவராமும் வந்தான். "எப்படி இருக்கேண்ணா?" என்று அவன் கேட்டதற்கே பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைக்காரர் ரஞ்சன் ரிவால்வரை அவனிடமே நீட்டினார். சிவராம் பக்கத்து மூடியைத் திறந்து, குண்டு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டான். உருளையைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினான். லொடலொடவென்றது. சுத்தியலை முழுக்கப் பின்னால் இழுத்து நிறுத்தினான். அப்போது உருளை பூட்டுப் போட்ட மாதிரி நிற்க வேண்டும், இதுவோ இடமும் வலமும் ஆடியது. கட்டைவிரலால் சுத்தியலை லேசாக முன்னால் நெட்டினான். விசையைத் தொடாமலே டக்கென்று விழுந்தது. ரஞ்சன் உதட்டைப் பிதுக்கினார்.

சிவராம் உருளையின் அச்சை உருவிப் பார்த்தான். அரித்துப் போயிருந்தது, இடுக்கெல்லாம் சாம்பல்.

"எதைப் போட்டுத் தேச்சே?"

"விளக்கு தேய்க்கிற மாதிரிதான். புளி, சாம்பல்."

"அப்பா எண்ணெய்த் துணியாலதானே தொடைப்பார். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா."

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் மூன்றாம் மனிதர் முன்னால் சின்னவன் கேள்வி கேட்டுவிட்டானே என்று பெரியவருக்குச் சுருக்கென்றது. வீண் ரோஷம், வேறென்ன.

"ஒங்கிட்ட குடுத்திருந்தா மட்டும் என்ன வாழ்ந்திருக்கும்? நீயும் பாழாக்கித்தான் இருப்பே."

"சுட்டிருப்பேன், அப்பா மாதிரி" என்றான் சிவராம். ரிவால்வரை மேஜைமேல் வைத்தான். "எனக்கு வேண்டாம். போலீஸ்ல ஒப்படைச்சுடு."

அவன் படியிறங்கிப் போனான். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான். அது தெரிந்தும் வெங்கடநாராயணன் கூப்பிடவில்லை.