கோல்பி தேறுவானா?

டெல்பர்ட் வான்ஸ், ஓஹாயோவில், அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பந்தெறியும் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுத்தே தலை நரைத்தவர். அந்த வருஷம் அணிக்குப் புதிதாக வந்த கோல்பி, ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றிருந்தான். "அவனைத் தூக்கு" என்று ஊரே கத்தியது. அன்றும் அவன் எறிந்த பந்து நேராக எதிரணிக்காரன் கைக்குப் போனது.

தலைமைக் கோச் ஹாங்க் பல்லைக் கடித்தார். "உன் செல்லப்பிள்ளைய உட்கார வச்சிரட்டுமா, டெல்பர்ட்?"

"இருப்பா, ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

கோல்பி பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். டெல்பர்ட் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "என்னடா ஆச்சு?"

"நம்ம முன்வரிசைத் தடியன் பின்னால எதிரணிக்காரன் ஒருத்தன் பதுங்கியிருந்தான் கோச். நான் பார்க்கல, என் தப்புதான். மறுபடியும் அங்கயேதான் பதுங்குவான். அதையே இன்னொரு தடவை ஆட விடுங்க, அவன் தலைக்கு மேல எறியறேன்."

தப்பாக எறிந்துவிட்டு மழையைக் குறை சொன்னவர்களையும், பந்தைப் பிடிக்காதவனைத் திட்டியவர்களையும் டெல்பர்ட் நிறையப் பார்த்திருந்தார். எழுந்து வந்து, "அவனே ஆடட்டும் ஹாங்க். இவன் தேறிடுவான்" என்றார்.

எதிரணிக்காரன் அங்கேயேதான் பதுங்கினான். பந்து அவனைத் தாண்டிப் பறந்து, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஓடிய கூட்டாளியின் கையில் விழுந்து புள்ளிகளைச் சேர்த்தது.

ஆட்டம் என்னவோ தோல்விதான். காரில் வானொலியைப் போட்டால் கோல்பியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். டெல்பர்ட் அதை அணைத்துவிட்டுச் சீட்டியடித்தபடி வீடு போய்ச் சேர்ந்து, மனைவி வைத்திருந்த மாட்டுக்கறிக் குழம்பை இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.