நடுவில் வருவதைப் பிடிக்கிற மாரிச்செல்வி

"ஸ்ஸ்ஸ்ஸ்… வந்துரு ராசா, வந்துரு!" ஒரு கையில் ஐஸ் தண்ணீரில் நனைத்த பஞ்சு, மறுகையில் மூடி திறந்த பிளாஸ்டிக் டப்பா. பிள்ளையின் தொப்புளுக்குக் கீழே பஞ்சை வட்டமாகத் தேய்த்தபடி குத்தவைத்திருக்கிறார் மாரிச்செல்வி. முதலில் வருவதைத் தரைக்கு விட்டுவிட வேண்டும். நடுவில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும். கண் சிமிட்டினால் போச்சு, சேலைதான் நனையும்.

சிக்கல் என்ற ஊர்க்காரர். வயது நாற்பத்திரண்டு. சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சல் வந்து தேறிய குழந்தைகளை ஊர் ஊராகத் தேடிப்போய் மாதிரி எடுத்து, ராமநாதபுரத்து ஆய்வுக்கூடத்துக்குப் பதினொரு மணி பஸ்ஸில் ஏற்றிவிடுவது அவர் வேலை. காய்ச்சல் போனாலும் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிடும். அப்படி அடிபட்டால் சிறுநீரில் ஒரு புரதம் கூடும். ஊசி குத்தாமலே அதை அளந்து ஆபத்தை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். மாரிச்செல்வி இதையெல்லாம் இப்படி முடித்துவிடுவார்: "கிட்னி வாயத் தொறந்து பேசாதுத்தா. மூத்திரத்துல எழுதித்தான் அனுப்பும்."

மாரியூர் மீன் கம்பெனியில் ஐஸ் வாங்கிப் பெட்டியை நிரப்பிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தால், வழியில் யாராவது மறிக்காமல் இருப்பதில்லை.

"என்னக்கா மீனு?"

"கொழம்புக்கு ஆகாதுய்யா, வழிய விடு" என்பார், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

அன்றைக்கு வாலிநோக்கத்தில் மஜீதா வீடு. அவள் மகன் ஃபஹத்துக்கு இரண்டு வயது; மூன்று மாதத்தில் இரண்டு தடவை காய்ச்சல். போன மாதம் எடுத்ததில் அந்தப் புரத அளவு ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. இந்தத் தடவை இறங்கியிருக்குமா? அந்தத் தாய்க்கு வேறு நினைப்பே இல்லை. பயலோ பஞ்சுக்கும் மசியவில்லை, கொஞ்சலுக்கும் மசியவில்லை. ஒரு மணி நேரம் போனது. மாரிச்செல்வி முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மஜீதா டப்பாவை நீட்டினாள், விளிம்பு வரை நிறைத்து, மூடியை இறுக்கி.

மாரிச்செல்வி டப்பாவைப் பார்த்தார். பயலின் உலர்ந்த காலைப் பார்த்தார்.

"ரெண்டு வயசுக்காரன் இம்புட்டா ஒண்ணுக்கு இருப்பான்? யாரோடதுத்தா இது?"

மஜீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மூத்தவ மாஷிதாவோடதுக்கா. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதான? பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொன்னீங்க…"

அடி பாவி! நோய் இல்லாதவளின் அளவு இவன் பேரில் போயிருந்தால், இந்த வீடு நிம்மதியாகத் தூங்கியிருக்கும். பிள்ளையின் சிறுநீரகம் உள்ளே கெட்டுக்கொண்டிருந்தாலும் தெரிந்திருக்காது. மாரிச்செல்விக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். கொல்லையில் டப்பாவைக் கொட்டிவிட்டு, புது டப்பாவோடு வந்து உட்கார்ந்தார்.

"பஸ்ஸு போனாப் போவுது. ஏலே ஃபஹத்து, நீயா நானான்னு இங்கனயே பாத்துருவோம்."

கடைசியில் பயல் மனசு வைத்தான். பாதி டப்பாவில், பாதி அவர் மடியில். "போதும்டா சாமி!" என்று கத்தினார். பஸ் போய்விட்டதால், ஐஸ் உருகுவதற்குள் ராமநாதபுரம் வரை தானே ஸ்கூட்டரை விரட்டினார்.

பத்து நாளில் முடிவு வந்தது. போனில் சொல்லியிருக்கலாம், நேரிலேயே போனார். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மஜீதா தாளை வாங்கவே இல்லை.

"நான் பாக்க மாட்டேங்க்கா. நீங்களே சொல்லுங்க."

அளவு நன்றாக இறங்கியிருந்தது. மாரிச்செல்வி முகமெல்லாம் சிரிப்பாகத் தாளை மடித்தார். மஜீதாவின் கையைப் பிடித்து, ஃபஹத்தின் முதுகில் விலாவுக்குக் கீழே, சிறுநீரகம் இருக்கிற இடத்தில் வைத்து, அந்தக் கையின் மேல் மெல்ல இரண்டு தட்டு தட்டினார்.